தோல்வி காணாத சம்பந்தி

மே 2, வியாழன்

இனி எனக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்காமல் இந்த டைரியில் எழுத வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. முடிவெடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. போன வாரம் பிரஷர் நூற்றெழுபதைத் தொட்டதும் டாக்டர், மனதில் எதையும் பூட்டி வைக்காதீர்கள் என்றார். நான் எதையுமே பூட்டி வைத்ததில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

டைரி ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் பட்டுச்சேலை விளம்பரம். முதல் பக்கத்தில் சொந்த விவரம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள், எழுதினேன். பெயர்: சங்கரபாண்டியன். ஊர்: கோவில்பட்டி. தொழில்: மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘ஹாக்கி’ என்று எழுதிவிட்டு அடித்தேன். பொழுது போகாதவர்கள் செய்வது பொழுதுபோக்கு. நான் மின்னல் ஹாக்கி கிளப்பின் துணைத்தலைவர். கிளப்பில் பதினோரு துணைத்தலைவர்கள் இருப்பது வேறு விஷயம்.

மகள் பூர்ணிமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஜூன் ஒன்பது, ஞாயிறு முகூர்த்தம். மாப்பிள்ளை ஹரிபாஸ்கர் நூற்பாலையில் இன்ஜினியர். இடத்தைக் கண்டுபிடித்தது நான்தான். அவர்கள் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, தபால்காரரிலிருந்து தாசில்தார் வரை யாரைக் கண்டாலும் குரைக்கும் எங்கள் நாய், பையனைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு போய்க் காலடியில் படுத்துக்கொண்டது. அப்படி ஒரு முகராசி.

ஒரே ஒரு குறை. பையனின் அப்பா தங்கபெருமாள் வைரம் ஹாக்கி கிளப்பின் செயலாளர். பெரிய மனது பண்ணி அதைப் பொறுத்துக்கொண்டேன்.

மே 3, வெள்ளி

கோபம் வரவில்லை. மோட்டார் ரிப்பேர்.

மே 5, ஞாயிறு

வந்துவிட்டது.

சம்பந்தி வீட்டார் இன்று மதிய விருந்துக்கு வந்தார்கள். சாப்பாடு வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பூர்ணிமா பரிமாறினாள். மாப்பிள்ளை இலையில் மட்டும் கத்தரிக்காய்ப் பொரியலை வைக்காமல் தாண்டிப் போனாள். கேட்டால், அவருக்குப் பிடிக்காது என்றாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். பிள்ளை வளர்ப்பு என்றால் அதுதான்.

பாயசம் வரும் நேரத்தில் சம்பந்தி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கல்யாணத்துக்கு வைரம் கிளப்பார் மண்டப வாசலில் வைக்கப்போகும் ஃப்ளெக்ஸுக்கு எழுதிய வாசகம். வாசித்தும் காட்டினார். ‘தொடர்ந்து இருபத்தொன்பது ஆட்டங்களில் தோல்வியே காணாத வைரம் ஹாக்கி கிளப்பின் செயலாளர் இல்லத் திருமணம்.’

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். போன வருடம் டவுன் லீக்கில் உங்களை நாங்கள் ஷூட்-அவுட்டில் தோற்கடித்தோமே, அது யாருடைய தோல்வி என்று கேட்டேன்.

இந்த டைரி வேறு யார் கையிலாவது சிக்கினால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஆட்டம் சமனில் முடிந்தால் அணிக்கு ஐந்து பேர் ஒவ்வொருவராக வந்து, எட்டு வினாடிக்குள் எதிர் கோல்கீப்பரை ஏமாற்றிக் கோல் போட வேண்டும். அதுதான் ஷூட்-அவுட். போன வருடம் எங்கள் கோல்கீப்பர் மலை மாதிரி நின்றான். வைரத்தின் ஆட்டக்காரர்கள் மைதானத்திலேயே குப்புறப் படுத்து அழுதார்கள். நான் கண்ணால் பார்த்தேன். அழுத டீம் எப்படித் தோல்வி காணாத டீம் ஆகும்?

சம்பந்திக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. பேச்சும் பத்திரம் மாதிரியே இருக்கும்.

“பத்திரத்துல எழுதினதுதான் செல்லும் அண்ணாச்சி. ஸ்கோர்ஷீட்ல ரெண்டுக்கு ரெண்டுன்னு இருக்கு. அப்போ ஆட்டம் டிரா. ஷூட்-அவுட்டுங்கறது ஒரு பாயின்ட் கூடக் குடுக்குறதுக்கு வச்ச ஏற்பாடு. அதெல்லாம் ரெக்கார்டுல சேராது.”

“மீட்டர் ஓடுனா ஓடுனதுதான் சம்பந்தி. பாதி வரைக்கும்தான் பாப்பேன், மிச்சத்தப் பாக்க மாட்டேன்னு எந்த வீட்டுக்காரராவது சொல்ல முடியுமா?”

பாயசம் ஆடை கட்டிவிட்டது. என் மனைவியும் சம்பந்தியம்மாவும் உள்ளே போய்ச் சேலை பேசினார்கள். பூர்ணிமாவும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், பழக்கமில்லாத பிள்ளைகள், பயந்திருக்கும்.

மே 6, திங்கள்

இது வெறும் வாய்ச்சண்டை இல்லை என்பதைக் குறித்து வைக்கிறேன். தொடர்ந்து தோல்வி காணாமல் ஆடிய டவுன் லீக் ரெக்கார்டு எங்களுடையது. முப்பத்தொரு ஆட்டம். தொண்ணூறுகளில் வைத்தது. அந்த ஷூட்-அவுட்டைத் தோல்வி இல்லை என்று விட்டுக்கொடுத்தால் வைரம் இப்போது இருபத்தொன்பது. இன்னும் மூன்று ஆட்டம் தோற்காமல் போனால் எங்களைத் தாண்டிவிடுவார்கள். மூன்றாவது ஆட்டம் எங்களோடுதான், மே இருபத்தாறு.

டீக்கடையில் இதே பேச்சு. பாதிப் பேர் என் கட்சி, பாதிப் பேர் அந்தக் கட்சி. லீக் பட்டியலில் வைரம்தான் முதலிடம் என்று ஒருவன் ஆரம்பித்தான். நாங்கள் ஒரு ஆட்டம் குறைவாக ஆடியிருக்கிறோம், ஆட்டத்துக்குச் சராசரி பாயின்ட் எடுத்தால் நாங்கள்தான் முதலிடம் என்றேன். கூட்டிப் பார்த்துவிட்டு, சராசரியிலும் வைரம்தான் என்றான். எதிரணி ஆடாமல் போனதால் அவர்களுக்குச் சும்மா கிடைத்த ஜெயத்தைக் கழி என்றேன். கழித்தான். இப்போது சரியாக வந்தது. எதை எப்படி அளக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், உண்மை தானாக வெளியே வரும்.

டீக்கடைக்காரர் அந்தோணி, கடைசி இடத்தில் இருக்கும் தளிர் கிளப்பின் ரசிகர். “எங்க டீம் தொடர்ந்து பதினாலு ஆட்டம் ஜெயிக்கல. அதையும் ரெக்கார்டுல சேப்பாங்களா?” என்று நிஜமாகவே ஆசையோடு கேட்டார்.

மே 9, வியாழன்

எங்கள் கிளப் சார்பில் மண்டப வாசலில் இன்னொரு ஃப்ளெக்ஸ் வைக்கச் சொல்லிவிட்டேன். ‘தோல்வியே காணாதவர்களுக்குத் தோல்வி காட்டிய மின்னல் ஹாக்கி கிளப்பின் துணைத்தலைவர் இல்லத் திருமணம்.’ சம்பந்தி ஃப்ளெக்ஸைவிட இரண்டு அடி உயரம்.

செண்பகவல்லியிடம் காட்டினேன். என் மனைவி என்னோடு வாழ்ந்த காலத்தில் ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. “பொண்ணு மாப்பிள்ளை பேரு எங்க?” என்று கேட்டாள். இடமில்லை என்றேன்.

மே 12, ஞாயிறு

வைரம் ஜெயித்துத் தொலைத்தது. அவர்கள் கணக்கில் முப்பது.

நானும் பூர்ணிமாவும்தான் போயிருந்தோம். ஏழு வயதிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் என்னோடு வருகிறாள். மைதானத்தில் கிழக்கு கேலரி மின்னல் குடும்பங்களுக்கு, மேற்கு கேலரி வைரம் குடும்பங்களுக்கு. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் மாறி உட்கார்ந்ததும் இல்லை. இரண்டு வருடமாக பூர்ணிமா மட்டும் கிழக்கு கேலரியில் மேற்கே பார்த்த ஓரத்து இடம்தான் வேண்டும் என்பாள். அங்கே காற்று நன்றாக வருமாம்.

வைரம் இரண்டாவது கோல் போட்டபோது பக்கத்தில் கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கொசு என்றாள்.

வரும் வழியில் சோளக்கதிர் வாங்கிப் பாதிப் பாதி தின்றோம். மற்ற ஊர்களில் கல்யாணமான பெண் வீடுதான் மாறுவாள். இங்கே கேலரியும் மாற வேண்டும். ஜூனுக்குப் பிறகு அவள் மேற்கில் உட்காருவாள். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. கோபம் எதுவும் இல்லை.

மே 14, செவ்வாய்

செண்பகவல்லியும் சம்பந்தியம்மாவும் திருநெல்வேலிக்குப் போய் முகூர்த்தச் சேலை எடுத்து வந்தார்கள். ரெக்கார்டைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். பார்டரைப் பற்றிப் பேசினோம் என்றாள்.

மே 16, வியாழன்

கேப்டன் ஜெபராஜ் வந்திருந்தார். முப்பத்தொரு ஆட்ட ரெக்கார்டு வைத்த மின்னல் அணிக்குக் கேப்டன். இப்போது சாத்தூரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பெண் மாப்பிள்ளை பேரில் பாலிசி போடச் சொல்லி வந்தார். அந்த ரெக்கார்டை உங்கள் வாயால் கேட்டு நாளாயிற்று, சொல்லுங்கள் கேப்டன் என்று உட்கார வைத்தேன். அந்தக் காலத்தில் நான் பரமக்குடியில் வேலை பார்த்ததால் அந்த ஆட்டங்கள் எதையும் நேரில் பார்க்கவில்லை. எல்லாம் காதால் கேட்டுப் பெருமைப்பட்டதுதான்.

அவரும் ஒவ்வொரு ஆட்டமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினேழாவது ஆட்டம் வரை நான் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“அடுத்தது செமி பைனல். பேய்மழை. கிரவுண்டு கொளம். கோலே விழல. டை-பிரேக்கர் போட வழியில்லன்னு டாஸ் போட்டாங்க. நான் பூன்னேன், தலை விழுந்துச்சு. அவங்க பைனலுக்குப் போனாங்க, நாங்க வீட்டுக்கு வந்தோம்.”

“தோத்துட்டீங்களா?”

“கிரவுண்டுல தோக்கலையே. அதனால சேத்து எண்ணிக்கிட்டோம்.”

எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். டாஸில் தோற்றதும் தோல்வி இல்லை என்றால், ஷூட்-அவுட்டில் தோற்றது எப்படித் தோல்வியாகும்? ஷூட்-அவுட் தோல்வி என்றால் எங்கள் முப்பத்தொன்று பதினேழோடு நின்றுவிடும்.

இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேப்டனிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அதற்காகப் பாலிசியும் போட வேண்டியதாயிற்று.

மே 17, வெள்ளி

நன்றாக யோசித்ததில் ஷூட்-அவுட் என்பது டிராதான் என்று தெளிவாகிவிட்டது. மனிதன் திருந்துவதற்கு வயது கிடையாது. உறவு முக்கியம், விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்று காலையிலேயே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன்.

“சம்பந்தி, நீங்க சொன்னதுதான் சரி. பத்திரத்துல எழுதினதுதான் செல்லும். அந்த ஆட்டம் டிரா” என்றேன்.

அவர் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இல்ல அண்ணாச்சி. நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நீங்க சொன்னதுதான் சரி. மீட்டர் ஓடுனா ஓடுனதுதான். அது தோல்விதான்.”

எனக்கு விளங்கவில்லை. பிறகு டீப்பாயில் பார்த்தேன். இன்சூரன்ஸ் பாலிசி நோட்டீஸ், அதே ஏஜென்ட். கேப்டன் ஜெபராஜ் எங்கள் வீட்டிலிருந்து நேரே இங்கேதான் வந்திருக்கிறார்.

சம்பந்தி கணக்கை எப்போதோ போட்டுவிட்டார். ஷூட்-அவுட்டும் டாஸும் தோல்வி என்றால் மின்னலின் தொடர் பதினேழு. வைரம் அந்த ஷூட்-அவுட்டுக்கு முன்னால் பத்தொன்பது ஆட்டம் தோற்காமல் ஆடியிருக்கிறது. அப்படியானால் ரெக்கார்டு வைரத்துக்கு, அதுவும் போன வருடத்திலிருந்தே. தன் அணி தோற்றது என்று நிரூபிக்க இந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். இல்லவே இல்லை, உங்கள் அணி தோற்கவில்லை என்று நான் மேஜையைக் குத்தினேன். உங்கள் ஆட்டக்காரர்கள் அழவில்லை, வியர்வையைத்தான் துடைத்தார்கள் என்றேன். அழுதார்கள், நான்தான் துண்டு கொடுத்தேன் என்றார்.

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது. இப்படி நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிற வீட்டில் பெண்ணைக் கொடுப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தி அப்படியே நின்றார். பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மே 18, சனி

வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. வாழைப்பழம் சாப்பிட்டேன்.

மே 19, ஞாயிறு

வைரம் மறுபடி ஜெயித்தது. என் புதுக் கணக்குப்படி முப்பத்தொன்று, எங்களுக்குச் சமம். சம்பந்தி கணக்குப்படி அது ஒன்றுமே இல்லை. மேற்கு கேலரியில் அவர் கைதட்டாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தார். கிழக்கில் நானும் அப்படியே.

சம்பந்தியிடமிருந்து தகவல் எதுவும் வரவில்லை. நானாக எப்படிப் போவது? சொன்ன வாய் என்னுடையது.

மே 21, செவ்வாய்

கல்யாணம் நின்றுபோன வீடு மாதிரியே இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. செண்பகவல்லியின் விரல்களில் மஞ்சள் அப்பியிருக்கிறது. கேட்டால் ரசம் என்கிறாள். ரசத்துக்கு எதற்கு ஐந்து விரல்? நேற்று சமையல்காரர் வந்து எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், தெருப்பெயர் தவறி வந்துவிட்டேன் என்று சொல்லிப் போய்விட்டார். பூர்ணிமா ரவிக்கை அளவு கொடுத்துவிட்டு வருகிறாள். மனதில் எவ்வளவு வேதனை இருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாத பெண். என்னை மாதிரி.

மே 23, வியாழன்

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது பூர்ணிமாவும் வந்தாள். என் மின்னல் டீ-ஷர்ட்டை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“எப்பா, நெசமாவே ஷூட்-அவுட்டுதான் உங்களுக்குப் பிரச்சினையா?”

“வேற என்ன?”

“நான் அந்த கேலரிக்குப் போறது.”

அதெல்லாம் ஒன்றும் இல்லை, கொள்கை என்று ஒன்று இருக்கிறது என்றேன். சரிப்பா என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

கோபம் வந்தால்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். இன்றைக்கு வந்தது கோபம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை தங்கமான பையன், வீடு இரண்டு தெரு தள்ளித்தான், நடந்தே போகலாம். எல்லாம் தெரியும். ஆனால் பெனால்டி கார்னர் கிடைத்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள அவள்தான் இருக்கிறாள். அதற்காக ஒரு நல்ல மனிதர் வீட்டு வாசலில் நின்று சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கல்யாணம் என்னால் நின்றுபோய், இந்தப் பெண் என் பக்கத்திலேயே முகம் வாடி உட்கார்ந்திருந்தால் அந்த ஆட்டத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சம்பந்தி வருவார். பேசிவிட வேண்டும்.

மே 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் ஊருக்குள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள்.

மின்னலுக்கும் வைரத்துக்கும் ஆட்டம். இரண்டு கேலரியும் நிரம்பி மதில் மேலும் ஆள். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல், இரண்டாம் பாதியில் அவர்கள் ஒரு கோல். கடைசி நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. பூர்ணிமா முழங்கையைப் பிடித்தாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. நீண்ட விசில். ஒன்றுக்கு ஒன்று. மறுபடியும் ஷூட்-அவுட்.

கேலரி முழுக்க எழுந்து நின்று கத்தியது. பூர்ணிமா மட்டும், “எப்பா, நான் அந்தப் பக்கம் போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சுற்றுச்சுவர் ஓரமாக மேற்கு கேலரியைப் பார்த்து நடந்தாள். மின்னல் டீ-ஷர்ட்டோடு. அங்கே மாப்பிள்ளை படியில் எழுந்து நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

நானும் இறங்கினேன். அவளைத் தடுக்க என்றுதான் ஊரில் பேசுகிறார்கள். நான் போனது சம்பந்தியிடம் பேச. சுற்றிப் போக நேரமாகும் என்று மைதானத்துக்குள் குறுக்கே நடந்தேன். நான் வருவதைப் பார்த்த சம்பந்தி, அடிக்க வருகிறேன் என்று நினைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் உள்ளே இறங்கிவிட்டார். கோல்கீப்பருக்கு முன்னால், வட்டத்துக்குள், இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்து நின்றோம்.

விசில் ஊதிக்கொண்டு அம்பயர் ஓடி வந்தான். சின்ன வயசு, வெளியூர்ப் பையன். எங்களை யாரென்றே அவனுக்குத் தெரியாது. பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து முதலில் எனக்குக் காட்டினான், பிறகு சம்பந்திக்குக் காட்டினான். பச்சை அட்டை என்றால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஆட்டக்காரர்களுக்குத்தான் அது. நாங்கள் ரசிகர்கள், எங்களுக்கு எப்படிக் காட்டலாம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டோம். மஞ்சள் அட்டையை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டான். போய் உட்கார்ந்தோம்.

தண்டனை நாற்காலிகள் பிளாஸ்டிக்கில் இரண்டு, அருகருகே. எங்களுக்கு எதிரில் ஷூட்-அவுட் ஆரம்பித்துவிட்டது.

“சம்பந்தி, அன்னைக்கு வாசல்ல வச்சு நான் சொன்னது தப்பு. கல்யாணத்த நிறுத்திறாதீங்க. புள்ளைங்க மேல தப்பில்ல” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “எந்தக் கல்யாணத்த? எங்க வீட்டுல எழுநூறு பத்திரிகை குடுத்து முடிச்சாச்சே அண்ணாச்சி. உங்க வீட்டம்மாவும் எங்க வீட்டம்மாவும் ஒரே ஆட்டோவுலதான போய்க் குடுத்தாங்க. எனக்கே நேத்துதான் தெரியும். நீங்கதான் நிறுத்திட்டீங்கன்னு நான் தூங்காமக் கெடந்தேன்.”

மஞ்சள் விரல் என்ன என்பது அப்போதுதான் விளங்கியது. பத்திரிகை மூலைக்கெல்லாம் மஞ்சள் தடவியிருக்கிறாள். இரண்டு ஆம்பளைகள் பத்து நாளாகக் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை.

அதோடு இன்னொன்றும் சொன்னார். பிள்ளைகள் இரண்டும் இரண்டு வருடமாகப் பழக்கமாம். தெரியாதா என்று கேட்டார். தெரியும் தெரியும் என்றேன்.

ஃப்ளெக்ஸில் எந்த ரெக்கார்டும் போடுவதில்லை, கல்யாணம் முடியும் வரை அந்தப் பேச்சே எடுப்பதில்லை என்று கைகொடுத்தோம். அதற்குள் கிழக்கு கேலரியில் பெரிய ஆரவாரம். ஷூட்-அவுட்டில் மின்னல் ஜெயித்துவிட்டது. கடைசி ஷாட்டை இரண்டு பேருமே பார்க்கவில்லை. சம்பந்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நானும் திறந்தேன். இரண்டு பேரும் மூடிக்கொண்டோம்.

மே 30, வியாழன்

பந்தல்காரர், பூக்காரர், ஐஸ்கிரீம்காரர். எழுத நேரமில்லை. டீக்கடைப் பக்கம் போகவே இல்லை. போனால் அந்தப் பேச்சு வந்துவிடும்.

ஜூன் 5, புதன்

ஃப்ளெக்ஸ் வந்தது. பெண், மாப்பிள்ளை படம் மட்டும். பார்க்க வெறிச்சென்று இருக்கிறது. எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைவு. கிழக்கு கேலரியும் மேற்கு கேலரியும் முதல் தடவையாக ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டன. தளிர் கிளப் அந்தோணி மூன்று பந்தியிலும் இருந்தார்.

சாயங்காலம் பெண்ணை அனுப்புகிற நேரம். நான் அழ மாட்டேன் என்று செண்பகவல்லியிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். மண்டப வாசலில் சம்பந்தியின் கார். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் மாப்பிள்ளை, பக்கத்தில் பூர்ணிமா. கார்க் கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு என்னைச் சிரிக்க வைக்கத்தான் அவள் கேட்டாள்.

“எப்பா, ஷூட்-அவுட்ல தோத்தா தோல்வியா, டிராவா?”

டிரா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அதற்காகத்தானே தொண்டை வறளக் கத்தினேன். ஆனால் அவள் விரல் என் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

“தோல்விதாம்மா” என்றேன். சொல்லி முடிக்கும் முன் அழுதுவிட்டேன். நாற்பது பேருக்கு முன்னால்.

அவளும் அழுதாள். முன்சீட்டிலிருந்து சம்பந்தி திரும்பினார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. கையை நீட்டி என் தோளைத் தொட்டார்.

“இல்ல அண்ணாச்சி. டிரா. இதுல யாரும் தோக்கல” என்றார்.

அதைக் கேட்டு எனக்கு இன்னும் அழுகை வந்தது. எப்பேர்ப்பட்ட மனிதர், இவரையா அப்படிப் பேசினோம் என்று கும்பிட்டேன். கார் கிளம்பித் தெருமுனை திரும்பும் வரை கும்பிட்டபடியே நின்றேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, காப்பி குடித்து, நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் கணக்கு மண்டையில் ஏறியது. டிரா என்றால் வைரத்தின் தொடர் இப்போது முப்பத்திரண்டு. எங்கள் முப்பத்தொன்று போச்சு. சரி, நான் சொன்ன மாதிரி தோல்வி என்றே வைத்துக்கொண்டாலும் வைரம் பத்தொன்பது, நாங்கள் பதினேழு. மாற்றி மாற்றிக் கூட்டிப் பார்த்துவிட்டேன். எப்படி அளந்தாலும் பெண், ரெக்கார்டு, இரண்டும் அந்த மனிதர் காரில்தான் போயிருக்கின்றன.